கணினிக்கும் ஒரு சுமைக்கோடு

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கோதுமை ஏற்றி வரும் கப்பல்களை உற்று நோக்கியவர்கள், அவற்றின் பக்கச் சுவரில் ஒரு வட்டமும், அவ்வட்டத்தை ஊடறுத்துச் செல்லும் ஒரு கோடும், அருகே ஏணிப் படிகள் போன்ற சில சிறு கோடுகளும் தீட்டப்பட்டிருப்பதைக் கண்டிருப்பர். சுமைக்கோடு என்பது அதன் பெயர். சாமுவேல் பிளிம்சொல் என்னும் பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர் பல ஆண்டுகள் நடத்திய கிளர்ச்சியின் பயனாக, 1876ஆம் ஆண்டின் கப்பற் சட்டம் இக்குறியைக் கட்டாயமாக்கிற்று. அதற்கு முன்னர், கப்பலில் இடம் உள்ள வரை சரக்கை அடைத்து அனுப்புவது பேராசை கொண்ட சில கப்பற் சொந்தக்காரரின் வழக்கம். அமைதியான கடலில் அக்கப்பலும் மிதக்கத்தான் செய்யும். கோட்டுக்கு மேலே வெறுமையாக விடப்படும் அந்தச் சில அடி உயரம் சரக்குக்கு உரியதன்று, புயலுக்கு உரியது.

இவ்வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்ட பொருள் கப்பல் அன்று, மேசைக் கணினி. அதுவும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்துக் களைத்த பழைய கணினி. தயாரித்தோர் விதித்த வேகத்துக்கு மேலாக அதனை ஓடச் செய்யும் வித்தையை ஓவர்குளொக்கிங் என்பர். துடிப்பைக் கூட்டுதல் என்று நாம் தமிழிற் சொல்லிக்கொள்ளலாம். இவ்வித்தை எமது பகுதி மாணவரிடையே இன்று பெரிதும் பேசப்படுகிறது. காரணம் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியின்போது சில வாரங்களுக்குள் டொலரின் விலை ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிற்று. அன்று தொட்டுப் புதுக் கணினி என்பது நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கு எட்டாக்கனியாயிற்று. மூத்தவர் படித்த கணினியிலேயே இளையவரும் படிக்க வேண்டிய நிலை. அதனைத் தட்டி எழுப்பி இன்னும் கொஞ்சம் வேலை வாங்கினால் என்ன என்று பிள்ளைகள் எண்ணுவதில் வியப்பில்லை.

சென்ற வைகாசியில், உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன் எம்மிடம் முகமலர்ச்சியோடு வந்தான். "சேர், எங்கட கொம்பியூட்டரை 2.5இல இருந்து 3.0க்கு ஏத்திப்போட்டன். ஒரு சதமும் செலவில்லை" என்றான். இன்டெல் நிறுவனம் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட பென்ரியம் இ5200 என்னும் செயலி அவனுடைய கணினியில் இருந்தது. அதன் இதயம் வினாடிக்கு 250 கோடி முறை துடிக்கும்படி அமைக்கப்பட்டது. தாய்ப்பலகையிலிருந்து எழும் 200 மெகாஹேர்ட்ஸ் துடிப்பைச் செயலி தனக்குள் 12.5ஆற் பெருக்கிக்கொள்கிறது, அவ்வளவே கணக்கு. 200 என்பதை 240 என்று மாற்றினால் 250 கோடி 300 கோடியாகிறது. கணினியைத் தொடக்கும்போது திரையில் ஓர் எண்ணை மாற்றினாற் போதும். கெட்டிக்காரப் பையன். கணக்கில் அவன் எதையும் தவறவிடவில்லை.

இவ்வித்தை பிழையானதென்று எடுத்த எடுப்பிற் சொல்லிவிடுவோர் அதன் சரித்திரத்தை அறியாதவர். 1998ஆம் ஆண்டில் இன்டெல் வெளியிட்ட செலரன் 300ஏ என்னும் மலிவான செயலியை, 66 மெகாஹேர்ட்ஸ் பாதையிலிருந்து 100 மெகாஹேர்ட்ஸ் பாதைக்கு மாற்றி, 300க்குப் பதிலாக 450 மெகாஹேர்ட்ஸில் உலகெங்கும் இளைஞர் ஓட்டினர். விலை பல மடங்கான செயலிகளோடு அது தோளுரசி நின்றது. அங்ஙனம் ஓடியதற்குக் காரணம் உண்டு. ஒரே அச்சில் வார்க்கப்படும் செயலிகள் எல்லாம் ஒரே திறமையுடையன அல்ல. தொழிற்சாலையார் அவற்றைச் சோதித்து, எல்லாச் சூழ்நிலையிலும் தவறாது ஓடத்தக்க வேகம் ஒன்றை ஒவ்வொன்றின் மீதும் பொறித்து விற்கின்றனர். மலிவான சரக்குக்குக் கிராக்கி மிகும்போது திறமையானவற்றையும் குறைந்த வேகத்தின் பெயரால் விற்பதுண்டு. ஆகவே புதிய செயலியில் ஒரு மிச்சம் இருக்கிறது. அதுவே கணினியின் சுமைக்கோட்டுக்கு மேலுள்ள வெறுமை. கோடைக்கும், தூசுக்கும், ஏறி இறங்கும் மின்சாரத்துக்கும், முதுமைக்கும் என்று ஒதுக்கப்பட்டது அது.

அந்த மிச்சம் பதினைந்து ஆண்டுக்குப் பின்னும் அப்படியே இருக்குமா என்பதே கேள்வி. மாணவனிடம் நாம் கேட்டதும் அதுவே. பெட்டியைத் திறந்து, செயலியைச் சுற்றி நிற்கும் சிறு தகரப் பேணிகள் போன்ற கொள்ளளவிகளின் தலையைப் பார்க்கும்படி சொன்னோம். மூன்றின் தலை பொங்கிய அப்பம் போல் எழும்பி நின்றதாக மறுநாள் வந்து சொன்னான்.

கொள்ளளவியின் வேலை, செயலிக்குச் செல்லும் மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வை நிரவுவது. தண்ணீர்த் தொட்டி எவ்வாறு குழாயில் நீர் நின்று நின்று வந்தாலும் வீட்டுக்கு ஒரே சீராகக் கொடுக்கிறதோ, அவ்வாறே இதுவும். அதனுள்ளே மின்பகு திரவம் இருக்கிறது. வெப்பத்தில் அத்திரவம் மெல்ல மெல்ல வற்றும். பொறியியலாளர் கைக்கொள்ளும் பருமட்டான விதி ஒன்று உண்டு: வெப்பநிலை 10 பாகை குறைந்தால் கொள்ளளவியின் ஆயுள் இரட்டிக்கும், 10 பாகை கூடினாற் பாதியாகும். 105 பாகையில் 2,000 மணித்தியாலம் என்று குறிக்கப்பட்ட கொள்ளளவி 65 பாகையில் 32,000 மணித்தியாலம் உழைக்கும். நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் என்றால் ஏறக்குறைய பதினொரு ஆண்டு. அதுவே 75 பாகையானால் ஐந்தரை ஆண்டு. மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். 2009ஆம் ஆண்டு வாங்கிய கணினியின் கொள்ளளவிகள் இன்று எந்த நிலையில் இருக்கும் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டியதில்லை. இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. 1999 முதல் 2007 வரையான காலத்தில் தரக்குறைவான மின்பகு திரவம் கொண்ட கொள்ளளவிகள் உலகச் சந்தையில் ஏராளமாகக் கலந்துவிட்டன. டெல் நிறுவனம் பழுதான கணினிகளைத் திருத்திக் கொடுப்பதற்கென்று 2005ஆம் ஆண்டில் 30 கோடி டொலரை ஒதுக்க நேர்ந்தது. பெரிய நிறுவனத்தின் கதி அதுவென்றால், இரண்டாங்கைச் சந்தையில் வாங்கிய தாய்ப்பலகையைப் பற்றி என்ன சொல்வது?

நிற்க. வேகம் கூடினால் வெப்பம் எவ்வளவு கூடும்? துடிப்பைக் கூட்டிய மூன்றாம் நாள் கணினி நீலத் திரை காட்டி நின்றுவிட்டது. செயலிக்கு ஊட்டம் போதவில்லை என்று கருதிய பையன், 1.20 வோல்ற்றை 1.35 ஆக்கினான். நீலத் திரை மறைந்தது. இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். செயலி விரயமாக்கும் வலு, துடிப்புக்கு நேர்விகிதமாகவும், வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகவும் கூடும். துடிப்பு 1.2 மடங்கு, வோல்ற்றளவு 1.125 மடங்கு, அதன் வர்க்கம் 1.27 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 1.52. அதாவது 65 வாற்று வெப்பத்தைக் கணக்கிட்டு அமைத்த அலுமினியத் தகட்டடுக்கும் விசிறியும், இனி 99 வாற்றை வெளியேற்ற வேண்டும். வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடிற்று. வெப்பம் பாதிக்கு மேல் கூடிற்று.

இதனோடு எமது ஊரின் வெயிலையும் சேர்க்க வேண்டும். வைகாசி முதல் ஆவணி வரை, மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு, சுடச்சுட இறங்கி வரும் கச்சான் காற்றை அறியாதவர் திருகோணமலையில் இல்லை. (கச்சான் என்றதும் எமது மாணவர்க்கு நினைவுக்கு வருவது கோயில் வாசலில் விற்கும் கடலை; காற்றை அவர்கள் வியர்வையால் மட்டும் அறிவர்.) குளிர்தேசத்து இளைஞன் 20 பாகை அறையில் இருந்துகொண்டு, "என் செயலி 65 பாகையைத் தாண்டவில்லை" என்று படம் பிடித்துக் காட்டுகிறான். தகட்டடுக்கு எவ்வளவு நல்லதாயினும், சூழ்ந்துள்ள காற்றினும் குளிர்ச்சியாக அது செயலியை வைத்திருக்க முடியாது. அவனுக்கு 45 பாகை ஏற்றம் என்றால் இங்கும் அதே 45 ஏற்றந்தான். ஆனால் இங்கே பெட்டிக்குள் நண்பகற் காற்று 38 பாகை. கூட்டினால் 83. கப்பலின் சிறு கோடுகளில் வெப்பமண்டலக் கடலுக்கென்று ஒன்று உண்டு; அங்கே கொஞ்சம் கூடுதலாக ஏற்றலாம் என்பது சலுகை. கணினிக்கோ வெப்பமண்டலம் தண்டனை.

இந்த வயதுச் செயலிகள் அளவுக்கு மிஞ்சிச் சுட்டால் தம்மைத் தாமே காத்துக்கொள்ளத் தெரிந்தவை. எரிவதற்கு முன்னர் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். அதனால் நேர்வதுதான் வேடிக்கை. காலையில் 3.0இல் ஓடிய கணினி, பிற்பகல் இரண்டு மணிக்கு, கூட்டாதிருந்த காலத்தினும் மந்தமாக ஓடிற்று. தகட்டடுக்கின் இடுக்குகளில் கம்பளி போல் தூசு அடைத்திருந்ததும், செயலிக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்ததும் பின்னர் தெரியவந்தது.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். உவர்மலைக்குப் பெயரிலேயே உவர் உண்டு. துறைமுகத்தைச் சூழ்ந்த மற்றைய வீடுகளுக்குக் காற்றில் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் உப்புத் துணிக்கை நீரை உறிஞ்சி உவர்த்துளியாகிவிடும். நினைவகத் தகடு செருகும் பள்ளங்களில் பச்சை படிவதும், வாடைக் காலத்தில் கணினி காரணமின்றிக் கிளம்ப மறுப்பதும் இதனாலேயே. மின் வழங்கியும் முதுமையடைந்ததே. மேலே 450 வாற்று என்று ஒட்டியிருக்கும் மலிவான வழங்கி அவ்வளவையும் தரும் என்று நம்புவதற்கில்லை. சுமை ஏறும்போது அதன் 12 வோல்ற்று சரிந்துவிடும்.

இவையெல்லாம் பொறிக்கு வரும் கேடுகள். பொறி போனாற் போகட்டும் என்று சொல்லிவிடலாம். அச்செயலி இன்று பெறுமதியில் ஒரு நேரச் சாப்பாட்டோடு ஒப்பிடத்தக்கதே. நாம் இக்கட்டுரையை எழுதத் துணிந்தது வேறொரு கேட்டை முன்னிட்டு.

அந்த வீட்டில் மாணவனுக்கு ஓர் அக்கா இருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு. துறைமுகத்தை அண்டி வாழும் மீன்பிடிக் குடும்பங்களைப் பற்றி ஆய்வறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதிய விடைகள், அட்டவணைகள், படங்கள் அனைத்தும் அக்கணினியில் இருந்தன. பாதைத் துடிப்பை 200இலிருந்து 240க்கு ஏற்றும்போது செயலி மட்டும் விரைவதில்லை. அத்துடிப்போடு பிணைந்த நினைவகமும் 800இலிருந்து 960க்கு இழுத்துச் செல்லப்படுகிறது. நினைவகத்துக்கு அத்தகைய மிச்சம் இருக்கவில்லை. அது நின்றுவிடவும் இல்லை. கோடி எழுத்துக்கு ஓர் எழுத்தைப் பிழையாக நினைவு வைத்திருந்தது, அவ்வளவே. கணினி வழமை போல் இயங்கிற்று. பாட்டுக் கேட்டது, படம் காட்டிற்று. அக்கா ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அந்தப் பிழைகள் ஓசையின்றி வட்டில் எழுதப்பட்டன. சமர்ப்பிக்க மூன்று கிழமை இருக்கையில், ஒரு மாலை அறிக்கைக் கோவை திறக்க மறுத்தது. படங்களிற் சில பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாயிருந்தன. முன்னைய பிரதி ஒன்று விரிவுரையாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலில் இருந்தமையால் முழுவதும் போகவில்லை. ஆயினும் இரண்டு அத்தியாயங்களை அவள் இரவிரவாக மீள எழுத வேண்டியதாயிற்று. சில குடும்பங்களை மறுபடியும் தேடிச் சென்று கேட்க வேண்டியதாயிற்று. அவர்களில் ஒரு முதியவர் இரண்டாம் முறை கேட்பதற்கு இருக்கவில்லை.

மெம்டெஸ்ற் என்னும் நினைவகச் சோதனையை இரவு முழுவதும் ஓடவிடும்படி பையனிடம் சொன்னோம். 240இல் நூற்றுக்கணக்கான பிழைகள். 200க்கு இறக்கியபின் ஒன்றுமில்லை. அவன் அந்தத் திரையைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாதிருந்தானாம். அக்காள் அவனை ஒரு வார்த்தையும் ஏசவில்லை என்பதுதான் அவனுக்குப் பெருந்துன்பம் என்று தாயார் பின்னர் எம்மிடம் கூறினார்.

இது ஏழை வீட்டுக் கணினிக்கு மட்டும் உரிய கதையன்று. 2022ஆம் ஆண்டின் இறுதியில் சில வல்லுநர்கள் திரவ ஹீலியத்தினாற் குளிரூட்டி ஒரு செயலியை 9 கிகாஹேர்ட்ஸுக்கு மேல் ஓட்டினர். திரவ ஹீலியத்தின் கொதிநிலை பூச்சியத்துக்குக் கீழ் 269 பாகை. அச்சாதனை சில கணங்களுக்கானது. அக்கணினியில் எவருடைய ஆய்வறிக்கையும் இல்லை. மறுபுறம், இன்டெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் பல, வாங்கியவர் கை வைக்காமலே நிலைகுலைந்தன. தேவைக்கு மிஞ்சிய வோல்ற்றளவே காரணம் என்று 2024ஆம் ஆண்டில் நிறுவனமே அறிவித்து, ஆகஸ்ற் மாதத்தில் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டு நீட்டிற்று. திருத்தம் இனி வரும் சேதத்தைத் தடுக்குமேயன்றி, சேதமடைந்த செயலியை மீட்காது. செயலிக்குள் ஓடும் நுண்ணிய உலோக இழைகளில், மின்னோட்டமும் வெப்பமும் மிகுந்தால் உலோக அணுக்களே சிறிது சிறிதாக அடித்துச் செல்லப்படுகின்றன. ஆற்று வெள்ளம் கரையை அரிப்பது போன்றது அது. அரித்த மண் திரும்பி வருவதில்லை.

அங்ஙனமாயின் பழைய கணினியை என்செய்வது என்று பெற்றோர் கேட்கலாம். கணினி மந்தமாயிருப்பதற்குப் பெரும்பாலும் குற்றவாளி செயலி அன்று, சுழலும் வட்டு. பழைய வட்டில் ஓர் எழுத்தைத் தேடியெடுக்க ஏறக்குறைய 13 மில்லிவினாடி செல்லும். சுழற்சியற்ற எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் அதனை 0.1 மில்லிவினாடியிற் செய்யும். நூறு மடங்கு! துடிப்பைக் கூட்டிப் பெறும் ஐந்தில் ஒரு பங்கை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய தாய்ப்பலகையிலும் அது பொருந்தும். நினைவகத்தை 4 கிகாபைட் ஆக்கலாம். மைக்ரோசொப்ற் நிறுவனம் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14இல் முடித்துக்கொண்டமையால், இலகுவான லினக்ஸ் ஒன்றை நிறுவுவதும் நன்று. அதற்கு முன்னர், இன்றைக்கே, வீட்டிலுள்ள முக்கியமான கோவைகளை வேறொரு வட்டிற் பிரதி எடுத்து வையுங்கள்.

தூசு துடைப்பதைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, விசிறி சுழலாதபடி விரலாற் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையாற் தட்ட வேண்டும். காய்ந்த பசையை மதுசாரம் நனைத்த துணியாற் துடைத்து, புதிய பசை ஒரு பயறளவு இடுக. மின் வழங்கியின் பெட்டியை மட்டும் எவரும் திறத்தல் ஆகாது. 230 வோல்ற்று அங்கே 325 வோல்ற்று நேரோட்டமாகி, செருகியைக் கழற்றிய பின்னும் உள்ளே தேங்கி நிற்கும். கொள்ளளவி பொங்கியிருந்தால் அதனை மாற்றத் தெரிந்த திருத்துநரிடம் கொண்டுசெல்க.

இவ்வளவும் கேட்ட பின்னும் துடிப்பைக் கூட்டிப் பார்க்கவே வேண்டும் என்னும் ஆர்வம் உடைய மாணவர் இருப்பர். அவர்களை நாம் தடுக்க மாட்டோம். இதில் கற்க வேண்டிய பௌதிகவியல் நிறைய உண்டு. குடும்பத்தின் கணினியை விட்டுவிட்டு, எவருக்கும் வேண்டாத பழைய பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். நினைவகத்தின் விகிதத்தை முதலில் இறக்கி வைத்து, பாதைத் துடிப்பை ஐந்து ஐந்து மெகாஹேர்ட்ஸாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் இரவு முழுவதும் சோதிக்கட்டும். கிளம்ப மறுத்தால், மின்சாரத்தைத் துண்டித்து, தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவ மின்கலத்தைச் சிறிது நேரம் கழற்றி வைத்தால் பழைய எண்களுக்கே அது திரும்பிவிடும்.

எமது மாணவனின் கணினி இப்போது 2.5இலேயே ஓடுகிறது. அவன் ஒரு கொப்பியில், அதிகாலை ஆறு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும், அறையின் வெப்பநிலையையும் செயலியின் வெப்பநிலையையும் அருகருகே குறித்து வருகிறான். ஒரே வேலையைச் செய்யும்போது, அறை 27 பாகையாயிருந்த காலையில் செயலி 58. அறை 34 ஆன பிற்பகலில் 65. அறை ஏழு பாகை ஏறினால் செயலியும் ஏறக்குறைய அதே ஏழு ஏறுவதைக் கச்சான் காலம் முழுவதும் அவன் கண்டிருக்கிறான். தூசு மீண்டும் அடையும்போது இவ்விரண்டின் இடைவெளி மெல்ல விரியும் என்று சொல்லியிருக்கிறோம். கிண்ணியாவிலோ மூதூரிலோ உப்புவெளியிலோ உள்ள மாணவர் எவரேனும் இதே போல் மார்கழி வரை குறித்து எமக்கு அனுப்பினால், அட்டவணையாக்கி இப்பக்கத்தில் வெளியிடுவோம்.